சம்சாரி விமானத்தைத் திருப்பிய நாள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய முதல் பக்கத்தை என் மாமியார் சாப்பாட்டு மேசையில் விரித்து, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அதன்மேல் வைத்தார். அங்கிருந்துதான் வந்தது. பாத்திரத்தை எடுத்தபோது பக்கத்தின் நடுவே வட்டமாக ஒரு பழுப்புக் கறை. வட்டத்துக்குள் சரியாக 'அஞ்சா நெஞ்சர்' என்ற சொல் மாட்டிக்கொண்டிருந்தது.

"படிச்சீங்களா அத்தை?"

"படிச்சதாலதான் வெச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. பத்திரிகைகளில் கதை வந்திருக்கிறது, இரண்டு புத்தகம் போட்டிருக்கிறேன், வீட்டில் மட்டும் என் எழுத்துக்கு இந்த மரியாதை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அத்தை கண்டுகொள்ளவே இல்லை.

விஷயம் இதுதான். என் மாமனார் ராணுவச் சரக்கு விமானத்தின் விமானி. ஓய்வுபெற்று வெகு காலம் ஆகிவிட்டது. போன மாதம் காலமானார். அவருடைய படைப்பிரிவின் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விமானி ஒருவர் காலமானால் பழைய விமானக் கொட்டகையில் எல்லாரும் கூடுவார்கள். அவர் ஓட்டியதிலேயே சிறந்த பறப்பு எதுவோ அதை ஒரு பக்கத்தில் எழுதி, குடும்பத்தில் ஒருவர் வாசிக்க வேண்டும். ஒரே ஒரு பறப்பு, ஒரே ஒரு பக்கம். வாசித்த பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய், உணவுக்கூடத்துச் சுவரில் நிரந்தரமாகத் தொங்கும். வீட்டில் எழுதத் தெரிந்த பிராணி நான் ஒருத்திதான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

(என் கணவர், அதாவது அவருடைய பிள்ளை, "அம்மா சொல்றபடி எழுதிடு" என்று ஒரு வரியில் கழன்றுகொண்டார். இந்தக் கதையில் அவருக்கு இவ்வளவுதான் இடம்.)

2

என் தொடக்கங்களைக் காட்டுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் பாருங்கள்.

முதல் தொடக்கம்: மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம் ஒரு கழுகைப் போல

[இதோடு விட்டேன். அவர் ஓட்டியது பருத்த வயிற்றோடு மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களைச் சுமக்கும் விமானம். கழுகு கேட்டால் கோபித்துக்கொள்ளும்.]

இரண்டாம் தொடக்கம்: அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது, அதுதான் கடைசி முறை என்று அவருக்குத்

[இதையும் விட்டேன். கடைசி முறை இல்லையே.]

இந்த இரண்டாவதில்தான் என் வியாதி பிடிபட்டது. விமானி என்று எழுதினாலே என் பேனா அவரை எங்காவது மோதவைக்கப் பார்க்கிறது. மலை, கடல், எதிரியின் குண்டு, ஏதோ ஒன்று. விமானி கதை என்றால் கடைசியில் புகை எழ வேண்டும், மனைவி வாசலில் நிற்க வேண்டும், சீருடை போட்ட இருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். இதை அத்தையிடம் சொன்னேன்.

"அவர் எப்படிச் செத்தாருன்னு உனக்குத் தெரியாதா? நீ வீட்லதானே இருந்தே?"

இருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து, நாற்காலியில் சாய்ந்து, செய்தித்தாளை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். டீ கொண்டுபோனபோது ஆள் இல்லை. ஒரு சத்தம் கிடையாது.

"அப்படி ஒரு சாவு கிடைக்கணும்னு அவர் எத்தனை வருஷம் ஒழுங்கா வண்டி ஓட்டியிருக்காரு தெரியுமா?" என்றார் அத்தை. "போனாரு, வந்தாரு. போனாரு, வந்தாரு. ஒவ்வொரு தடவையும் வந்தாரு. அதை எழுத உனக்கு வலிக்குதா?"

வலிக்கத்தான் செய்கிறது. போனார், வந்தார் என்பதை வைத்துக்கொண்டு எவனாவது கதை எழுதுவானா?

எழுதிக் காட்டுகிறேன்.

3

அத்தை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். மாமாவுக்கும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார், முடியவில்லை. வானத்தில் அத்தனை பெரிய வாகனத்தைக் கட்டி மேய்த்த மனிதர், கடைத்தெருவில் ஒரு காரை நேராக ஓட்ட மாட்டார். பார்வை எப்போதும் தொலைவில் இருக்கும். பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. அதனால் கல்யாணமான நாளிலிருந்து தரையில் அத்தைதான் விமானி, அவர் பயணி.

[பயிற்சிப் பள்ளிக் காரில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மாமா அந்த இருக்கையில்தான் உட்கார்ந்து வருவார், அத்தை ஓட்டும்போது தெருமுனைக்குத் தெருமுனை அதை மிதிப்பார். நடுரோட்டில் வண்டி குலுங்கி நிற்கும். "காலை எடுங்க" என்று அத்தை கத்துவது இரண்டு தெருவுக்குக் கேட்கும். இதைச் சங்கத்துக்கான பக்கத்தில் சேர்க்கலாமா என்று கேட்டேன். ஒரே பறப்பு என்றுதான் விதி, இது பறப்பு இல்லை என்றார்.]

அத்தை காலையிலேயே பயிற்சிக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கிளப்புவது மாமாவின் வேலை. பறக்கும் நாளாக இருந்தாலும் மகளுக்குச் சடை பின்னிவிட்டுத்தான் கிளம்புவார். என் நாத்தனார் தொலைபேசியில் சொன்னாள்: "ஒரு பக்கம் மேல இருக்கும், ஒரு பக்கம் கீழ இருக்கும். ஆனா சாயங்காலம் வரைக்கும் அவுராது. பின்னி முடிச்சிட்டு ரெண்டையும் இழுத்துப் பார்ப்பாரு, சரக்கைக் கட்டுற வலையை இழுத்துப் பார்க்கிற மாதிரி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துரும்."

சடை பின்னிய கையோடு ஓடிவந்து, ஒருமுறை சட்டைப் பையில் ரிப்பனோடு விமானத்தில் ஏறிவிட்டாராம். அன்றைக்குப் பிடித்தது பெயர். படைப்பிரிவில் அவருக்குச் சம்சாரி என்று பட்டம் கட்டினார்கள். மற்றவர்கள் மாலையில் உணவுக்கூடத்தில் உட்கார்ந்து கதை அளக்கும்போது, இவர் வீட்டில் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பார். "எங்கடா சம்சாரி?" "வேற எங்க, வீட்லதான்." கேலிதான், ஆனால் வன்மம் கிடையாது. அந்தப் பெயரைச் சூட்டியவர் மாமாவின் நெருங்கிய நண்பர், இன்னொரு விமானி. அவருக்கு மீசை என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. அவரும் அவர் மனைவியும் பக்கத்துக் குடியிருப்பில் இருந்தார்கள்.

4

இப்போது அந்த நாள்.

மலைக்கு மேலே ஒரு ராணுவ முகாம். அங்கே போக ஒரே வழி, பள்ளத்தாக்குக்குள் புகுந்து போகும் வான்வழி. பாதி தூரத்தில் ஒரு வளைவு வரும். வளைவிலிருந்து பார்த்தால் கீழே ஆற்றின்மேல் ஓர் இரும்புப் பாலம் தெரியும். பாலம் தெரிந்தால் மேலே போகலாம். தெரியவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். ஏனென்றால் வளைவைத் தாண்டினால் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கிவிடும். அந்தப் பருத்த விமானத்தைத் திருப்ப இடம் இருக்காது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. பழைய விமானி புது விமானிக்கு வாயால் சொல்லிக்கொடுப்பது.

குளிர்காலம். மேலே முகாமில் இரண்டு சிப்பாய்களுக்கு உடம்பு மோசம். மருந்தும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு இரண்டு விமானங்கள் கிளம்பின. முதலில் மாமா, சற்றுப் பின்னால் மீசை. வளைவுக்கு வந்தபோது பாலம் தெரியவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க மேகம். மாமா விமானத்தைத் திருப்பினார். மீசை திரும்பாமல் மேகத்துக்குள் போனார். அவரும் அவரோடு இருந்தவர்களும் வரவே இல்லை. மேகம் மறுநாள்தான் விலகியது. மேலே காத்திருந்த இருவரில் ஒருவன் அதுவரை தாங்கவில்லை.

நான் முதலில் இதை எழுதியது இப்படி:

திருப்புவதா, போவதா? அந்தக் கணத்தில் அவர் கண் முன்னால் மகளின் முகம் வந்தது. இரட்டைச் சடை. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம்

அத்தை கையை நீட்டி நிறுத்தினார்.

"பொய்."

"நல்லா இருக்கே அத்தை. குடும்பத்து மேல பாசமா இருந்தவருன்னு..."

"இதைத்தானே அவனுங்க முப்பது வருஷமா முதுகுக்குப் பின்னால சொன்னானுங்க? பொண்டாட்டி பிள்ளை ஞாபகம் வந்துச்சு, சம்சாரி கம்பி நீட்டிட்டான்னு. நீயும் அதையே பூச்சுத்திச் சொல்றே. அவருக்கு அப்ப எங்க ஞாபகமே வரல. நான் கேட்டிருக்கேன். பாலம் தெரியல, திருப்பினேன், அவ்வளவுதான்னு சொன்னாரு. எங்களை நினைச்சுத்தான் திருப்பணும்னா அவர் எதுக்கு விமானி? வேலை தெரிஞ்சவரு, அதனால திருப்பினாரு."

அந்தப் பத்தியை அடித்தேன். அடிக்க மனசே இல்லை, அழகாக வந்திருந்தது.

[மேலே இறந்துபோன சிப்பாயை விட்டுவிடலாமா என்றும் கேட்டேன். கேட்டது உண்மை. திருப்பியதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றால் கதை சுத்தமாக இருக்கும். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியை விழுங்கினேன். "அந்தப் பையன் பேரு அவருக்குத் தெரியும். கடைசி வரைக்கும் சொல்லுவாரு. அவனை எடுத்துட்டா, திருப்பினது சும்மா ஒரு திருப்பம்" என்றார்.]

அன்று சாயங்காலம் அவர் என்ன செய்தார் என்பதற்கும் நான் மூன்று மாதிரி எழுதி வைத்திருந்தேன். அழுதார். குடித்தார். மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்தபடி நின்றார். மூன்றும் இல்லையாம். துணி தேய்த்தாராம். சீருடையைக்கூட மாற்றாமல் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு, வீட்டில் இருந்த எல்லாத் துணியையும் தேய்த்தார். சட்டை, பாவாடை, தலையணை உறை. தேய்க்க ஒன்றும் இல்லாமல் போனபோது துண்டுகளைத் தேய்த்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்துக்கொடுத்தார். 

இப்படி ஒன்று எனக்குச் சத்தியமாகத் தோன்றியிருக்காது.

5

சங்கத்தின் செயலர் வீட்டுக்கு வந்தார். உயர்ந்த பதவியில் ஓய்வுபெற்றவர், இப்போதும் நடையில் மிடுக்கு. நான் எழுதப்போகும் பறப்பு எது என்று அத்தை தொலைபேசியில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"அண்ணி, வெள்ளத்துல ஓடுதளம் முங்கினப்போ அண்ணன் நெடுஞ்சாலையில இறக்கினாரே, அதை எழுதச் சொல்லுங்க. பத்திரிகையில படமே வந்துச்சு. எத்தனை உயிரு!"

"நல்லாத்தான் இறக்கினாரு. ஆனா ரோடு நேரா இருந்துச்சு தம்பி. கஷ்டமான வேலை அது இல்ல."

"அதுக்காகத் திரும்பி வந்ததைப் போய் யாராவது சிறந்த பறப்புன்னு... கேக்கறவங்க என்ன நினைப்பாங்க? மீசையோட மனைவி முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. திரும்பினது புத்திசாலித்தனம்னா, போனது என்னன்னு ஆகும்?"

நியாயமான கேள்வி.  அத்தை காபியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, நீதானே அன்னைக்கு அவர் பக்கத்துல உக்காந்திருந்தே?"

 எனக்கு அது புதுச் செய்தி. மாமாவின் துணை விமானியாக அன்றைக்கு இருந்த இளைஞன் இவர்தான்.

"ரேடியோவுல என்ன பேசிக்கிட்டாங்கன்னு உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். அவர் சொல்லி எனக்குத் தெரியும். பள்ளத்தாக்குல இருந்து பேசினது கீழ எவனுக்கும் கேக்கல. என் மருமக அதைத்தான் எழுதப்போறா."

"அண்ணி, வேணாம்."

"ஏன்?"

"அண்ணனே வாயைத் திறக்கல. அவர் மறைச்சதை நீங்க சொல்லலாமா?"

"அவர் இருந்தவரைக்கும் அவர் பேச்சைக் கேட்டேன். இப்ப என் முறை."

காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. செயலர் தொடாமல் எழுந்துபோனார்.

6

ரேடியோவில் பேசியதை அத்தை எனக்குச் சொன்னார். ஒரு வார்த்தையையும் மாற்றாமல் எழுதுகிறேன்.

திரும்பியதும் மாமா: "பாலம் தெரியல. நான் திரும்பிட்டேன். நீயும் வளைவுக்கு முன்னாடியே திரும்பு."

எதிரே வந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து மீசை, சிரித்துக்கொண்டே: "நீ போய்ப் பொண்ணுக்குச் சடை பின்னு சம்சாரி. நான் எட்டிப் பார்த்துட்டு வரேன்."

மாமா மறுபடி: "டேய், எட்டிப் பார்க்க அங்க இடம் இல்ல. திரும்பு."

பதில் வரவில்லை.

ஆனால் உணவுக்கூடத்துச் சுவரில், மீசையின் பெரிய படத்துக்குக் கீழே, பித்தளைத் தகட்டில் அவருடைய கடைசி வார்த்தை என்று வேறொன்று பொறித்திருக்கிறது: 'நான் முன்னே செல்கிறேன். துணிந்தவர் பின்தொடருங்கள்.'

படித்துப் பார்த்தீர்களா? துணிந்தவர். அப்படியானால் திரும்பியவர் யார்? பெயர் எழுதாமலே எழுதியாயிற்று. மாமா ஓய்வுபெறும்வரை அந்தத் தகட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அவர் எச்சரித்ததே யாருக்கும் தெரியாது. நண்பனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நழுவிவிட்டவன் என்றுதான் பேச்சு. பதவி உயர்வு வரவில்லை. புது விமானிகளுக்குப் பாடம் எடுக்கப் போட்டார்கள்.

விசாரணையில் தகட்டு வாசகத்தைச் சொன்னவர் துணை விமானி. இன்றைய செயலர்.

இங்கே என் பேனா குதித்தது. வில்லன் கிடைத்துவிட்டான்! அவருடைய மிடுக்கு நடைக்கு ஒரு கெட்ட அர்த்தம் கொடுத்து, கண்ணை இடுக்கவைத்து, அரைப் பக்கம்

[கிழித்துவிட்டேன். அத்தைக்குக் காட்டாமலேயே.]

ஏனென்றால் யோசித்துப் பார்த்தால் அவர் செய்ததும் நான் செய்வதும் ஒரே வேலை. இளம் வயது. நண்பர்கள் மலையில் மோதிச் சிதறிப்போயிருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்து, 'கடைசியாக என்ன சொன்னார்?' என்று கேட்கிறார்கள். சடை பின்னு என்றார் என்று எப்படிச் சொல்வது? பையன் அந்த இடத்திலேயே ஒரு வரி புனைந்தான். நன்றாக வந்துவிட்டது. பித்தளையில் ஏறிவிட்டது. என் வரி ஒன்றுகூட இதுவரை பித்தளையில் ஏறியதில்லை.

"அவன் கெட்டவன் இல்ல" என்றார் அத்தையும். "பயந்துட்டான். உன் மாமாவும் கூட உக்காந்து கேட்டுட்டுச் சும்மா இருந்தாரே, அவரை என்ன சொல்றது? நான் சண்டை போட்டேன். 'புருஷனை இழந்த அந்தப் பொண்ணு கையில இப்ப வேற என்ன இருக்கு? அந்த வரியாவது இருக்கட்டும்'னாரு. பெரிய மனசுதான். ஆனா அதுக்கு என் பிள்ளைங்களும் சேர்ந்து விலை கொடுத்துச்சுங்க. கோழை மகன்னு பள்ளிக்கூடத்துல அடி வாங்கிட்டு வந்தான் உன் புருஷன்."

வாயைத் திறக்காத என் கணவரைப் பற்றி இப்போது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அவருக்கு இவ்வளவுதான் இடம் என்று முன்னால் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

7

"அவ கிட்ட முதல்ல சொல்லணும்" என்றார் அத்தை. "கூட்டத்துல உக்கார வெச்சு முகத்துல அடிக்கக் கூடாது. வண்டியில ஏறு."

மீசையின் மனைவியும் அத்தையும் அந்த நாளுக்குப் பிறகு சேர்ந்து உட்கார்ந்ததில்லை. விழாக்களில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. அவர் இருக்கும் வீடு ஊரின் இன்னொரு மூலையில். அத்தை வண்டியை வாசலில் நிறுத்தி, என்னை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

கதை எழுதுகிறவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, கதையின் முக்கியமான காட்சி உள்ளே நடக்கிறது. இதைவிட அநியாயம் உண்டா? வேறு வழியில்லாமல் காரில் உட்கார்ந்து நானே எழுதிப் பார்த்தேன்.

(அ) மீசையின் மனைவி பக்கத்தைக் கிழித்து முகத்தில் எறிகிறார். 'செத்தவரையும் விடமாட்டீர்களா?'

(ஆ) இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். [சினிமா.]

(இ) அவருக்கு இது எப்போதோ தெரியும். [இதுவும் சினிமா, கொஞ்சம் விலை உயர்ந்த சினிமா.]

நான்காவதை யோசிப்பதற்குள் கதவு திறந்தது. வந்தது அத்தை இல்லை. ஒல்லியாக, வெளுத்த முடியோடு ஓர் அம்மாள் செருப்புக்கூடப் போடாமல் விறுவிறுவென்று வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"நீதான் எழுதுற பொண்ணா?"

"ஆமாங்க."

"'சிரிச்சுக்கிட்டே'ன்னு எழுதியிருக்கே. நிஜமாவே சிரிச்சாரா, நீயா சேர்த்தியா?"

"நான் சேர்க்கலைங்க. மாமா அப்படித்தான் சொன்னாராம்."

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, கோபம். கழுத்து நரம்பெல்லாம் தெரிந்தது.

"எட்டிப் பார்த்துட்டு வரேன். இதான் அவரு. கடைக்குப் போனாலும் இதான், கல்யாணத்துக்குப் போனாலும் இதான். எட்டிப் பார்த்துட்டு வரேன்! முப்பது வருஷமா அந்தத் தகட்டு முன்னால என்னை நிக்க வெச்சுப் படம் எடுக்கிறானுங்க. 'துணிந்தவர் பின்தொடருங்கள்.' அந்த மனுஷன் ஒரு நாளாவது அப்படிப் பேசியிருப்பாரா? யாரோ ஒரு அந்நியனைப் பத்திச் சொல்ற மாதிரியே இருக்கும் எனக்கு. நம்ம புருஷனை நமக்கே சரியாத் தெரியலையோன்னு நினைச்சு நினைச்சு..."

பின்னால் அத்தை வந்து நின்றார்.

"அவர் திரும்பிடச் சொல்லியிருக்காரு, அக்கா" என்றார் அந்த அம்மாள், என்னைப் பார்த்தபடியே அத்தையிடம். "ரெண்டு தடவை சொல்லியிருக்காரு. எங்க ஆளுதான் கேக்கல. யாரு சொன்னாதான் கேட்டாரு, நான் சொன்னா கேட்டாரா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? உங்க வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேனே."

"அவரு சொல்ல விடல."

"அவரு யாரு எனக்கு எது வேணும்னு முடிவு பண்றதுக்கு?"

அத்தை தலையை ஆட்டினார். "அதைத்தான் நானும் கேட்டேன்."

அந்த அம்மாள் பக்கத்தை என் மடியில் போட்டார். "ஒரு எழுத்தை எடுத்தாலும் நான் எழுந்து கேப்பேன்" என்றார்.

மாமா நல்லவர். என் கதையின் நாயகர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் செய்தது தப்பு. அவருடைய பெரிய மனசு இந்த அம்மாளிடமிருந்து ஒரு மனிதரைப் பறித்துவிட்டு, ஒரு தகட்டைக் கொடுத்தது. இதையும் எழுதத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். அத்தை மறுக்கவில்லை.

8

இப்போது கொட்டகை. நாற்காலிகள் நிறைந்துவிட்டன. வயதான விமானிகள், அவர்களின் குடும்பங்கள். முன்வரிசையில் அத்தையும் அந்த அம்மாளும் அடுத்தடுத்து. ஒலிபெருக்கியின் பக்கத்தில் செயலர் நிற்கிறார்.

"எந்தப் பக்கம்மா வாசிக்கப்போறே?" என்று மெதுவாகக் கேட்கிறார்.

"அத்தை சொன்னதைத்தான் சார்."

அடுத்து அவர் என்ன செய்தார்?

ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கினார் என்று எழுதலாம். 'நானும் கேட்டேன், நான்தான் பொய் சொன்னேன்' என்று சபை நடுவே ஒப்புக்கொண்டார் என்று எழுதலாம். தலை குனிந்து வெளியே நடந்தார் என்றும் எழுதலாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நன்றாக வருகின்றன. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் ஒரு வரி நன்றாகத்தான் வந்தது.

ஆகவே முடிவு எழுத மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், புத்தகத்தை மூடி அதன்மேல் பாத்திரம் வையுங்கள், எழுத மாட்டேன். அதற்குப் பதிலாக, பின்வரிசையில் ஒரு நாற்காலி இருக்கிறது. வந்து உட்காருங்கள். வாசிக்கிறேன்.

"என் மாமனாரின் சிறந்த பறப்பு, அவர் போய்ச் சேராத பறப்பு. வளைவுக்கு வந்தார், பாலம் தெரியவில்லை, விமானத்தைத் திருப்பினார். வீட்டை நினைத்துத் திருப்பவில்லை. வேலை தெரிந்ததால் திருப்பினார். திரும்பும்போது பின்னால் வந்த நண்பரை இரண்டு முறை கூப்பிட்டுத் திரும்பச் சொன்னார். நண்பர் சிரித்துக்கொண்டே, நீ போய்ப் பொண்ணுக்குச் சடை பின்னு, நான் எட்டிப் பார்த்துட்டு வரேன் என்றார். அதுதான் அவருடைய கடைசி வார்த்தை, சுவரில் இருப்பது அல்ல. மேலே காத்திருந்த சிப்பாய் ஒருவர் மறுநாளைப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கை என் மாமனார் யாரிடமும் தள்ளிவிடவில்லை. எச்சரித்ததை அவர் வெளியே சொல்லாமல் இருந்தது தவறு என்று அவர் மனைவி நினைக்கிறார், நண்பரின் மனைவியும் நினைக்கிறார். அவர் திரும்பியது சரி என்றும் இருவரும் நினைக்கிறார்கள். அன்று அவர் விமானத்தில் இருந்த எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தக் கொட்டகையில் நின்றுகொண்டிருக்கிறார்."

பக்கம் அவ்வளவுதான். மடித்துவிட்டேன்.

கை தட்டுவதும் எழுந்து போவதும் உங்கள் இஷ்டம். ஆனால் கேட்டுவிட்டீர்கள். இனிமேல் யாராவது உங்கள் காதுபட அவரைக் கோழை என்றால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.